ஜிக் மொழியும் மாறிக்கொண்டே இருக்கும் அதன் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிக் இன்னும் 1.0 பதிப்பைத் தொடாத நிரல்மொழி. ஆண்ட்ரூ கெல்லி 2016-இல் இதை அறிமுகப்படுத்தினார். 2020 முதல் ஜிக் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதை நடத்துகிறது. சி மொழி புழங்கும் இடங்களுக்காக உருவானது: மெமரியை நாமே கையாள வேண்டும், பின்னால் கார்பேஜ் கலெக்டர் கிடையாது. பெரிய வெளியீடு வரும்போதெல்லாம் மொழி, ஸ்டாண்டர்ட் லைப்ரரி, பில்ட் முறை மூன்றும் சேர்ந்தே மாறுகின்றன.

கீழே உள்ள பதில்கள் 0.15 வரிசையை வைத்து எழுதப்பட்டவை. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் உச்சரிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1.0 கூட வரவில்லையே, இதில் உண்மையான வேலை செய்யலாமா?

செய்கிறார்கள். டைகர்பீட்டில் டேட்டாபேஸும் கோஸ்ட்டி டெர்மினலும் ஜிக்கில் எழுதப்பட்டவை. பன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ரன்டைமும் ஜிக்கில்தான் எழுதப்பட்டு வளர்ந்தது. ஊபர் நிறுவனம் ஜிக்கில் நிரல் எழுதுவதற்காக அல்ல, சி மற்றும் சி++ கோடைக் கம்பைல் செய்வதற்காக அதை எடுத்துக்கொண்டது.

டைகர்பீட்டிலின் ரெப்போவைத் திறந்தால், தனக்குத் தேவையான ஜிக் பதிப்பை இறக்கிக்கொள்ளும் ஸ்கிரிப்ட் உள்ளேயே இருக்கும். கோஸ்ட்டி, தவறான பதிப்பில் பில்ட் செய்தால் முதல் அடியிலேயே நின்றுவிடும். இவர்கள் கம்பைலரின் பதிப்பை சோர்ஸ் கோடின் ஒரு பகுதியாகவே நடத்துகிறார்கள். ஜிக்கோடு நிம்மதியாக வேலை செய்ய இந்த ஒரு பழக்கம் போதும். அது இல்லாதவர்கள்தான் ‘நேற்று ஓடியது இன்று ஓடவில்லை’ என்று நிற்கிறார்கள்.

ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் கோடை மாற்றி எழுதச் சில நாள் ஒதுக்க ஆள் இருந்தால் தாராளமாக இறங்கலாம். எழுதி முடித்துவிட்டு இரண்டு வருஷம் தொடாமல் வைத்திருந்து, பிறகு புதிய கம்பைலரில் அப்படியே ஓட வேண்டும் என்றால் இது இப்போதைக்கு உங்களுக்கான மொழி அல்ல.

எந்தப் பதிப்பை எடுப்பது? வெளியீடா, மாஸ்டரா?

வெளியீட்டை எடுங்கள். 0.11 2023 ஆகஸ்டில் வந்தது, 0.12 2024 ஏப்ரலில், 0.13 அதே ஆண்டு ஜூனில், 0.14 2025 மார்ச்சில், 0.15.1 2025 ஆகஸ்டில். இடைவெளி சீராக இல்லை. பெரும்பாலும் எல்எல்விஎம் (ஜிக் பயன்படுத்தும் வெளிக் கம்பைலர் அடித்தளம்) வெளியீடுகளை ஒட்டித்தான் அமைகிறது. 0.14.1, 0.15.2 போன்ற சின்ன எண்கள் பிழைத் திருத்தங்கள். அவற்றுக்கு மாறுவதில் பயம் வேண்டாம். நடு எண் மாறினால்தான் கோடு உடையும்.

தினமும் மாறும் மாஸ்டர் பில்டை இரண்டு காரணங்களுக்கு மட்டும் தொடலாம்: உங்களைத் தடுக்கும் ஒரு பிழை அங்கே மட்டும் சரிசெய்யப்பட்டிருக்கிறது, அல்லது நீங்கள் கம்பைலருக்கே பங்களிக்கிறீர்கள். அப்படி எடுத்தாலும் ‘மாஸ்டர்’ என்று எழுதி வைக்காமல், கமிட் எண்ணோடு வரும் முழுப் பதிப்புப் பெயரைக் குறித்து வையுங்கள்.

நிறுவுவது எப்படி? ‘இன்ஸ்டலேஷன் டைரக்டரியைக் காணவில்லை’ என்று ஏன் சொல்கிறது?

அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து உங்கள் கணினிக்கான ஆர்க்கைவை இறக்கி, ஒரு ஃபோல்டரில் விரித்து, அந்த ஃபோல்டரைப் பாத்தில் சேர்த்தால் முடிந்தது. லினக்ஸுக்கானது சுமார் 50 எம்பி. நிறுவ வேறு எதுவும் தேவையில்லை.

விரித்த ஃபோல்டரில் ஜிக் என்ற இயங்கு கோப்பும், பக்கத்திலேயே லிப் என்ற ஃபோல்டரும் இருக்கும். ஸ்டாண்டர்ட் லைப்ரரி முழுவதும் அந்த லிப்பில்தான், சோர்ஸ் வடிவில் இருக்கிறது. இயங்கு கோப்பை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தினால் கம்பைலருக்கு லிப் தெரியாது. மேலே சொன்ன எர்ரர் அப்படித்தான் வருகிறது. நகர்த்த வேண்டாம், சிம்லிங்க் போடுங்கள், அது வேலை செய்யும். இன்னொன்று: புதிய பதிப்பைப் பழைய ஃபோல்டரின் மேலேயே விரிக்காதீர்கள். புதிய பதிப்பில் நீக்கப்பட்ட கோப்புகள் பழையதிலிருந்து அங்கேயே தங்கி, இரண்டு பதிப்பும் கலந்த லைப்ரரி உண்டாகும். பதிப்பு எண்ணைப் பெயரில் கொண்ட தனித்தனி ஃபோல்டர்களே நல்லது.

லினக்ஸ் டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் பெரும்பாலும் ஒன்றிரண்டு வெளியீடு பின்தங்கி இருக்கும். முன்னறிவிப்பில்லாமல் புதிதாகவும் மாறிவிடும். இரண்டுமே நமக்கு ஆகாது.

பதிப்பை ப்ராஜெக்டோடு எப்படிக் கட்டிப்போடுவது?

ப்ராஜெக்டின் விவரங்களும் வெளிப் பேக்கேஜ்களும் பதியும் பில்ட்.ஜிக்.ஜான் கோப்பில் மினிமம்_ஜிக்_வெர்ஷன் என்ற புலம் உண்டு. அதில் எண்ணை எழுதினால் கம்பைலர் மற்றவர்களைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அது முதன்மையாக ஒரு அறிவிப்பு. எனிஜிக் போன்ற பதிப்பு மேலாளர்கள் அதைப் படித்துச் சரியான கம்பைலரை இறக்கி ஓட்டும் என்பதால் எழுதி வைப்பது பயன்தான்.

கறாராகத் தடுக்க வேண்டுமென்றால் பில்ட் படிகளை விவரிக்கும் பில்ட்.ஜிக் கோப்பின் மேலே ஒரு காம்ப்டைம் பிளாக் (கம்பைல் நேரத்திலேயே ஓடும் பகுதி) எழுதுங்கள். பில்ட்இன் மாட்யூலில் ஜிக்_வெர்ஷன் என்ற மாறிலி உள்ளது. அதன் மேஜர், மைனர் எண்களை உங்களுக்கு வேண்டியதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் கம்பைல்எர்ரர் மூலம் ‘இந்த ப்ராஜெக்டுக்கு 0.15 வேண்டும்’ என்று சொல்ல வையுங்கள். ஐந்தாறு வரி. புதிதாக வருபவர் நூறு வரி புரியாத எர்ரரைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரே வரியில் விஷயத்தைத் தெரிந்துகொள்வார்.

சிஐ-யிலும் (கோடைத் தானாகப் பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) ‘லேட்டஸ்ட்’ என்று போடாமல் அதே எண்ணைப் போடுங்கள்.

எடிட்டரில் சிவப்புக் கோடு வருகிறது, ஆனால் பில்ட் ஆகிறது. சில சமயம் நேர்மாறாகவும் நடக்கிறது. ஏன்?

முதல் வகைக்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்: மொழி சர்வரான இசட்எல்எஸ்-இன் பதிப்பும் கம்பைலரின் பதிப்பும் வேறு வேறு. 0.14-க்கான இசட்எல்எஸ் 0.15 ஸ்டாண்டர்ட் லைப்ரரியைப் படித்தால் குழம்பத்தான் செய்யும். நடு எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பைலரை மாற்றும் நாளிலேயே இசட்எல்எஸ்ஸையும் மாற்றிவிட்டு எடிட்டரை ஒருமுறை மூடித் திறங்கள்.

இரண்டாவது வகை: எடிட்டர் சுத்தமாக இருக்கிறது, பில்டில் எர்ரர் கொட்டுகிறது. இசட்எல்எஸ் தானாகக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இலக்கண அளவிலான பிழைகளைத்தான். டைப் பொருந்தாமை, காம்ப்டைமில் உருவாகும் எர்ரர் போன்றவற்றுக்கு உண்மையான கம்பைலரே ஓட வேண்டும். இதற்கு வழி உண்டு: பில்ட்.ஜிக்கில் ‘செக்’ என்ற பெயரில் ஒரு ஸ்டெப் உருவாக்கி, உங்கள் நிரலை அதோடு இணைத்து, ஆனால் இன்ஸ்டால் மட்டும் செய்யாமல் விடுங்கள். கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் இசட்எல்எஸ் அந்த ஸ்டெப்பை ஓட்டி எர்ரர்களை எடிட்டருக்குள் கொண்டுவரும். இன்ஸ்டால் இல்லாததால் இயங்கு கோப்பை உருவாக்கும் வேலை மிச்சமாகி, சரிபார்ப்பு மட்டும் சட்டென்று முடியும். ஜிக்கில் எடிட்டர் அனுபவத்தை இதைவிட மாற்றும் அமைப்பு வேறில்லை.

0.14-இல் ஓடிய நிரல் 0.15-இல் ஏன் இத்தனை இடங்களில் உடைகிறது?

0.15-இல் உள்ளீடு-வெளியீடு முழுவதும் மாற்றி எழுதப்பட்டது. கூடவே அடிக்கடி பயன்படும் சில பெயர்களும் மாறின. எதிர்ப்படும் வரிசையிலேயே பார்ப்போம்.

முதலில் பில்ட்.ஜிக் உடையும். ஆட்எக்ஸிக்யூட்டபிளுக்கு ரூட்_சோர்ஸ்_ஃபைல், டார்கெட், ஆப்டிமைஸ் மூன்றையும் நேரடியாகக் கொடுத்துவந்தது இனி செல்லாது. கிரியேட்மாட்யூல் மூலம் அந்த மூன்றையும் கொண்ட மாட்யூல் ஒன்றை உருவாக்கி, அதை ரூட்_மாட்யூல் புலத்தில் கொடுக்க வேண்டும். லைப்ரரிக்கு ஆட்லைப்ரரி, ஸ்டாட்டிக்கா டைனமிக்கா என்பது லிங்கேஜ் புலத்தில். இதைச் சரிசெய்யும்வரை உங்கள் சோர்ஸ் கோப்புகளைக் கம்பைலர் எட்டியே பார்க்காது.

அடுத்து அர்ரேலிஸ்ட் (தேவைக்கேற்ப வளரும் பட்டியல்). ‘இனிட் என்ற உறுப்பு இல்லை’ என்ற எர்ரர் வந்தால் இதுதான். இப்போது அர்ரேலிஸ்ட் தன் அலோகேட்டரை (மெமரியை வாங்கி விடுவிக்கும் பொருளை) உள்ளே வைத்துக்கொள்வதில்லை. ‘.எம்ப்டி’ என்று தொடங்கி, அப்பெண்ட், டீஇனிட் போன்ற ஒவ்வொரு அழைப்புக்கும் அலோகேட்டரை முதல் ஆர்கியூமெண்டாகக் கொடுக்க வேண்டும். பழைய வடிவம் அர்ரே_லிஸ்ட் என்ற மாட்யூலில் மேனேஜ்டு என்ற பெயரில் இருக்கிறது. அவசரத்துக்கு அதை வைத்து ஓட்டலாம், புதிய கோடில் வேண்டாம்.

பிறகு திரையில் எழுதுவது. இங்கேதான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். முன்பு ஸ்டாண்டர்ட் அவுட்புட்டின் ரைட்டரை வாங்கி நேராகப் பிரின்ட் செய்யலாம். இப்போது பஃபரை நீங்களே தர வேண்டும். ஒரு பைட் அர்ரே (1024 அல்லது 4096 போதும்), அதைக் கொடுத்து உருவாக்கும் ஃபைல் ரைட்டர், அந்த ரைட்டருக்குள் இருக்கும் இன்டர்ஃபேஸ் என்ற புலத்துக்கு ஒரு பாயின்ட்டர், அந்தப் பாயின்ட்டர் வழியே பிரின்ட், கடைசியில் ஃப்ளஷ். இதில் இரண்டு குழிகள் உண்டு.

ஃப்ளஷை மறந்தால் நிரல் எர்ரர் இல்லாமல் முடியும், திரையில் ஒன்றும் வராது. எழுத்தெல்லாம் பஃபரிலேயே கிடந்து நிரலோடு போய்விடும். மற்றது ஆபத்தானது: இன்டர்ஃபேஸ் புலத்தின் முன் ‘&’ போடாமல் அதை ஒரு மாறிக்குள் நகலெடுப்பது. கம்பைலர் இதைத் தடுக்காது. ஆனால் அந்த இன்டர்ஃபேஸ், தன் முகவரியிலிருந்து கணக்குப்போட்டுத்தான் தன்னைச் சுற்றியுள்ள பெரிய ஸ்ட்ரக்ட்டைக் கண்டுபிடிக்கிறது. நகல் வேறு முகவரியில் இருப்பதால் கணக்குத் தவறி, ஸ்டாக்கில் பக்கத்தில் கிடக்கும் ஏதோ பைட்டுகளை ஃபைல் ரைட்டர் என்று எண்ணிப் படிக்கும். குப்பை வெளியீடு, விளங்காத கிராஷ், சில சமயம் தற்செயலாகச் சரியான பதில் என்று எதுவும் நடக்கலாம். ‘&’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதேபோல் பஃபரை ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கி, ரைட்டரை மட்டும் வெளியே திருப்பி அனுப்பாதீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் பஃபரின் இடம் உங்களுடையதல்ல.

டிபக்.பிரின்ட் இன்னும் எளிமையாகவே இருக்கிறது. அது ஸ்டாண்டர்ட் எர்ரருக்கு எழுதுகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டு, கோப்பு காலியாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் டிபக்.பிரின்ட் பயன்படுத்தியவர்கள்.

கடைசியாக ஃபார்மட் குறிகள். ஒரு டைப்புக்குச் சொந்தமாக ஃபார்மட் மெதட் இருந்தால் வெறும் ‘{}’ போதாது; மெதடை அழைக்க வேண்டுமா, வேண்டாமா என்று கம்பைலர் கேட்கும். அழைக்க வேண்டுமென்றால் நெளி அடைப்புக்குள் ‘எஃப்’ எழுத்து. வேண்டாம் என்றால் ‘எனி’. எர்ரர் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் காட்டப்படுவதால் உங்கள் கோடில் எந்த வரி என்று தெரியாமல் போகும். ரெஃபரன்ஸ்-ட்ரேஸ் கொடியோடு பில்ட் செய்தால் அழைப்புச் சங்கிலி முழுவதும் வரும்.

யூசிங்நேம்ஸ்பேஸ் (வேறோர் இடத்தின் பெயர்களை மொத்தமாக உள்ளே கொண்டுவரும் கீவேர்டு) இந்த வெளியீட்டில் நீக்கப்பட்டுவிட்டது. தானாக மாற்றும் கருவி இதற்கு இல்லை; ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக அறிவிக்க வேண்டும். வேலை சலிப்பானது, ஆனால் முடிந்தபின் எந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்பது தேடினாலே கிடைக்கும்.

பெரிய ப்ராஜெக்டை அடுத்த வெளியீட்டுக்கு நகர்த்த நல்ல வரிசை எது?

ஒரு நேரத்தில் ஒரு வெளியீடு. 0.13-இலிருந்து 0.15-க்குத் தாவாதீர்கள். இடையில் உள்ள 0.14, பல பழைய பெயர்களை ‘இனி வேண்டாம்’ என்று குறித்துவிட்டு ஓட விடுகிறது, 0.15 அவற்றை நீக்கிவிட்டது. இடைப்படியில் நின்றால் புதுப் பெயர் என்ன என்று பழைய பெயரின் கமெண்டே சொல்லும், தாவினால் அந்தக் கமெண்டும் இருக்காது.

வெளியீட்டுக் குறிப்பை முழுதாகப் படியுங்கள். நீளமானதுதான், ஆனால் ஜிக்கில் அதுவே மாற்ற வழிகாட்டி. தனிக் கிளையில் முதலில் பில்ட்.ஜிக், பிறகு வெளிப் பேக்கேஜ்கள், அதன்பின் உங்கள் கோடு. ஏதாவது ஒரு பேக்கேஜ் இன்னும் புதிய வெளியீட்டுக்கு வரவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது வரும்வரை காத்திருக்கலாம், இல்லையேல் ஃபோர்க் செய்து நீங்களே மாற்றலாம். பாதிக் கோடை மாற்றிவிட்டு இதைக் கண்டுபிடிப்பதுதான் வேதனை.

கம்பைலர் எல்லா எர்ரர்களையும் ஒரே தடவையில் காட்டாது. இருபதைச் சரிசெய்தால் புதிதாக முப்பது வரும். அது பின்னடைவு அல்ல. முன்பு எட்டாத இடங்களை இப்போதுதான் அது பார்க்கிறது. பழைய ரைட்டரை எதிர்பார்க்கும் கோடு நிறைய இருந்தால், அடாப்ட்டுநியூஏபிஐ என்ற பாலத்தை வைத்துப் பகுதி பகுதியாக மாற்றலாம். எல்லாம் முடிந்தபின் அந்தப் பாலத்தை எடுத்துவிடுங்கள்.

வெளிப் பேக்கேஜைச் சேர்ப்பது எப்படி? ஹாஷ் ஏன் பொருந்தவில்லை?

‘ஜிக் ஃபெட்ச் --சேவ்’ என்று தட்டி முகவரியைக் கொடுத்தால், முகவரியும், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளமான ஹாஷும் பில்ட்.ஜிக்.ஜானில் பதியும். பிறகு பில்ட்.ஜிக்கில் டிபெண்டன்சி என்ற ஃபங்ஷனால் பேக்கேஜைப் பெற்று, அதன் மாட்யூலை உங்கள் ரூட் மாட்யூலுக்கு ஆட்இம்போர்ட் செய்ய வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபெட்ச் மட்டும் செய்தால் இம்போர்ட் வேலை செய்யாது.

முகவரியில் கிளையின் பெயரைக் கொடுக்காதீர்கள். டேக் அல்லது கமிட் கொடுங்கள். கிளை நகர்ந்துவிட்டால் உள்ளடக்கம் மாறும், ஹாஷ் பொருந்தாது, பில்ட் நிற்கும். அப்படி நிற்பது சரியான நடத்தை. புதிய ஹாஷை யோசிக்காமல் ஒட்டி முன்னேறுவது, யார் மாற்றினார்கள் என்று பாராமல் வேறொருவர் கோடை உள்ளே விடுவதற்குச் சமம்.

நீங்கள் பேக்கேஜ் வெளியிடுபவராக இருந்தால் பில்ட்.ஜிக்.ஜானின் பாத்ஸ் புலத்தைக் கவனியுங்கள். அதில் பட்டியலிடாத கோப்புகள் பயனரிடம் போய்ச் சேராது. உங்கள் கணினியில் எல்லாக் கோப்பும் இருப்பதால் எல்லாம் சரியாக ஓடும், வாங்குபவருக்கு மட்டும் ‘கோப்பு இல்லை’ என்று வரும். புதிதாக ஒரு சி ஃபோல்டரையோ டேட்டா கோப்பையோ சேர்த்தால் பாத்ஸிலும் சேர்த்துவிட்டு, வேறொரு ப்ராஜெக்டிலிருந்து ஃபெட்ச் செய்து பாருங்கள்.

0.14 முதல் ஃபிங்கர்பிரிண்ட் (பேக்கேஜின் அடையாள எண்) என்ற புலமும் கட்டாயம். அதை நீங்கள் யோசித்து எழுத வேண்டாம். விட்டுவிட்டால் எந்த எண்ணைப் போட வேண்டும் என்று எர்ரரே சொல்லும். பேக்கேஜின் பெயரும் அந்த எண்ணோடு பிணைந்திருப்பதால், பெயரை மட்டும் மாற்றினால் எண் செல்லாது என்று வரும்.

டெஸ்ட் ஓட்டினால் ஒன்றுமே வருவதில்லை. ஓடியதா, இல்லையா?

ஜிக் பில்ட் டெஸ்ட், எல்லாம் தேறினால் மௌனமாக முடியும். இரண்டாம் முறை எதுவும் மாறாமல் ஓட்டினால் முந்தைய முடிவையே கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும். ‘--சம்மரி ஆல்’ சேர்த்தால் எத்தனை டெஸ்ட் தேறியது, எது கேஷிலிருந்து வந்தது என்று காட்டும்.

எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் காரணம் ஜிக்கின் சோம்பல் அலசல்: யாரும் குறிப்பிடாத கோடை அது பார்ப்பதே இல்லை. ரூட் கோப்பு இம்போர்ட் செய்யாத கோப்பில் உள்ள டெஸ்ட்கள் ஓடாது. ரூட் கோப்பில் ஒரு டெஸ்ட் பிளாக் எழுதி, அதற்குள் மற்றக் கோப்புகளை ‘_ =’ போட்டு இம்போர்ட் செய்யுங்கள். இதே காரணத்தால், யாரும் அழைக்காத ஃபங்ஷனில் இருக்கும் டைப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். லைப்ரரி எழுதுபவர்களுக்கு இது முக்கியம். பொது ஃபங்ஷன் ஒவ்வொன்றையும் ஒரு டெஸ்டாவது தொட வேண்டும்.

எந்த அலோகேட்டரைப் பயன்படுத்துவது?

எழுதும் காலத்தில் டிபக்அலோகேட்டர். 0.14-க்கு முன் இதன் பெயர் ஜெனரல்பர்ப்பஸ்அலோகேட்டர், பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கும். நிரல் முடியும்போது டீஇனிட் அழைத்தால், விடுவிக்காத ஒவ்வொரு மெமரியும் எந்த வரியில் வாங்கப்பட்டது என்று ஸ்டாக் ட்ரேஸ் தரும். டெஸ்டுக்குள் டெஸ்டிங்.அலோகேட்டர், லீக் இருந்தால் டெஸ்டே தோற்கும்.

வேகத்துக்காக வெளியிடும் ரிலீஸ்ஃபாஸ்ட் வகைப் பில்டுக்கு 0.14-இல் வந்த எஸ்எம்பி_அலோகேட்டர் பொருத்தம். ஒரு கோரிக்கை, ஒரு கோப்பு என்று வேலைக்கு ஒரு தெளிவான முடிவு இருந்தால் அரீனா அலோகேட்டர் வைத்து மொத்தமாக விடுவியுங்கள். பாதி லீக் பிரச்சினை அங்கேயே தீரும்.

எந்த அலோகேட்டராலும் முழுதாகக் காப்பாற்ற முடியாத தவறு ஒன்று உண்டு. அர்ரேலிஸ்டின் ஐட்டம்ஸிலிருந்து ஒரு பாயின்ட்டர் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அப்பெண்ட் செய்வது. லிஸ்ட் வளரும்போது வேறு இடத்துக்கு நகரலாம். கையில் இருப்பது பழைய முகவரி. சில உறுப்புகள் வரை சரியாக ஓடி, கொள்ளளவு தாண்டும் நாளில் உடையும். பாயின்ட்டருக்குப் பதில் இன்டெக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிக் சிசி-யால் கம்பைல் செய்த சி நிரல் மட்டும் ஏன் கிராஷ் ஆகிறது?

ஆப்டிமைஸ் கொடி இல்லாமல் கம்பைல் செய்தால் ஜிக் சிசி (ஜிக்கோடு வரும் சி கம்பைலர்), யூபிசான் (சி மொழி வரையறுக்காத நடத்தைகளைப் பிடிக்கும்) சோதனையைத் தானாகச் சேர்க்கிறது. மற்றக் கம்பைலர்களில் கண்டுகொள்ளப்படாமல் ஓடிய குறியுள்ள (சைன்டு) முழு எண் ஓவர்ஃப்ளோ, சீரமைப்பு தவறிய பாயின்ட்டர் போன்றவை இங்கே நிரலை நிறுத்தும். 0.14-க்கு முன் வெறும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று மட்டும் வந்தது. இப்போது என்ன தவறு என்று செய்தியும் வருகிறது. முடிந்தால் சி கோடைத் திருத்துங்கள், பிழை அங்கேதான். திருத்த முடியாத வெளிக் கோடு என்றால் ‘-எஃப்நோ-சானிடைஸ்=அன்டிஃபைன்ட்’ கொடுத்து அணைக்கலாம்.

வேறு கணினிக்குக் கம்பைல் செய்வதில் ஜிக்குக்கு ஈடு குறைவு. டார்கெட்டின் முடிவில் ஜிலிப்சி (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) பதிப்பையே எழுதலாம். லினக்ஸ்-க்னு என்பதற்குப் பின் ‘.2.28’ என்று போட்டால் அந்தப் பழைய ஜிலிப்சி உள்ள கணினியிலும் ஓடும். மசல் என்ற மாற்று சி லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தால் எந்த லினக்ஸிலும் தனியாக ஓடும் ஒரே கோப்பு கிடைக்கும். எல்லைகளும் உண்டு: மேக்கின் அடிப்படை சி லைப்ரரிக்குத் தேவையானது ஜிக்கோடு வருகிறது, ஜன்னல் வரையும் ஃபிரேம்வொர்க்குகள் வருவதில்லை. விண்டோஸுக்கு க்னு டார்கெட் உடனே வேலை செய்யும், எம்எஸ்விசி டார்கெட்டுக்கு விண்டோஸ் எஸ்டிகே தனியாக வேண்டும்.

பில்ட் வேகம், கேஷ் அளவு, டிபக்கர் பற்றி?

0.15 முதல் லினக்ஸிலும் மேக்கிலும் எக்ஸ்86 64-பிட் கணினிகளில் டிபக் பில்ட் எல்எல்விஎம் வழியாகப் போவதில்லை. ஜிக்கின் சொந்த பேக்எண்ட் (இயந்திரக் கோடு உருவாக்கும் பகுதி) பயன்படுகிறது. வித்தியாசம் உடனே தெரியும். ‘--வாட்ச்’ கொடியும் ‘-எஃப்இன்கிரிமெண்டல்’ கொடியும் சேர்ந்தால் இன்னும் வேகம், ஆனால் இன்கிரிமெண்டல் இன்னும் சோதனை நிலைதான். விசித்திரமான எர்ரர் வந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள். டிபக்கரில் மாறிகளின் மதிப்பு சரியாகத் தெரியாவிட்டால் யூஸ்_எல்எல்விஎம் புலத்தை ட்ரூ ஆக்கி மறுபடி பில்ட் செய்யுங்கள்.

.ஜிக்-கேஷ் ஃபோல்டர் தானாகச் சுருங்காது, ஜிபி கணக்கில் வளரும். பில்ட் ஓடாத நேரத்தில் தாராளமாக அழிக்கலாம். அதையும் ஜிக்-அவுட்டையும் கிட்இக்னோரில் சேர்க்க மறக்க வேண்டாம். 0.13-க்கு முன் அந்தப் பெயரில் முன்புள்ளி இல்லை, பழைய கிட்இக்னோர் பிடிக்காது.

தமிழ் எழுத்துகள் சரியாக வருமா?

வரும், ஆனால் ஜிக்குக்கு ஸ்டிரிங் என்ற தனி டைப் இல்லை. அது பைட்டுகளின் வரிசை மட்டுமே. ‘தமிழ்’ என்ற சொல்லின் லென் 15. கோட்பாயின்ட் ஐந்து (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். நாம் எண்ணும் எழுத்தோ மூன்று. யூடிஎஃப்8வியூ மூலம் கோட்பாயின்ட்களை ஒவ்வொன்றாக எடுக்கலாம். எழுத்துகளாக எண்ண, உயிர்க்குறியும் புள்ளியும் வரும்போது முந்தைய மெய்யோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன ஃபங்ஷனை நீங்களே எழுதலாம். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் தனியாகக் கவனிக்க வேண்டும். இன்டெக்ஸ் போட்டு நடுவில் வெட்டினால் எழுத்து சிதையும்.

மாறிக்குத் தமிழ்ப் பெயர் வைக்க, ‘@’ குறியையும் மேற்கோளையும் சேர்த்து அதற்குள் எழுத வேண்டும். விண்டோஸ் கன்சோலில் கட்டம் கட்டமாக வந்தால், நிரலின் தொடக்கத்தில் கன்சோலின் வெளியீட்டுக் கோட் பேஜை 65001 ஆக்குங்கள்.

பயன்படுத்தாத மாறிக்கு எர்ரர் தருவதை அணைக்க முடியுமா?

முடியாது. ‘_ = பெயர்;’ என்று எழுதிக் கடக்கலாம். இசட்எல்எஸ்ஸில் தானாகச் சேர்த்து நீக்கும் வசதி உள்ளது, அதைப் போட்டுக்கொண்டால் தொந்தரவு பெரிதாகத் தெரியாது.

அசிங்க், அவெய்ட் என்ன ஆயின?

ஒருங்கே பல வேலை செய்ய உதவிய இந்தக் கீவேர்டுகள் பழைய கம்பைலரில் இருந்தன. 0.11-இல் புதிய கம்பைலரோடு வரவில்லை, 0.15-இல் கீவேர்டுகளே நீக்கப்பட்டன. அலோகேட்டரை ஃபங்ஷனுக்கு அனுப்புவதுபோல ஐஓ இன்டர்ஃபேஸையும் அனுப்பி, அதன் வழியே ஒருங்கே பல வேலை செய்வதுதான் திட்டம், 0.15-இன் புதிய ரீடர், ரைட்டர் அதற்கான முதல் படி. 0.15-இலேயே வேலை நடக்க வேண்டுமென்றால் த்ரெட் அல்லது த்ரெட் பூல் பயன்படுத்துங்கள்.

இணையத்தில் கிடைக்கும் உதாரணமும் ஏஐ தரும் கோடும் ஓடுவதில்லை. எதைப் பார்த்துக் கற்பது?

அவை பெரும்பாலும் 0.11 முதல் 0.13 வரையிலான கோடு. இனிட் அழைக்கும் அர்ரேலிஸ்டோ, கெட்ஸ்டிடிஅவுட் என்ற பெயரோ கண்ணில் பட்டால் பழையது என்று வைத்துக்கொள்ளலாம். கருத்து செல்லும், வரிகள் செல்லாது.

‘ஜிக் எஸ்டிடி’ என்று தட்டினால் உங்களிடம் உள்ள பதிப்புக்கான லைப்ரரி ஆவணமே பிரவுசரில் திறக்கும். ‘ஜிக் என்வி’ அந்த லைப்ரரியின் சோர்ஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும். அங்கே போய், தேவையான ஃபங்ஷனின் பெயரைத் தேடி, அதன் கீழே உள்ள டெஸ்ட் பிளாக்குகளைப் படியுங்கள். அந்த உதாரணங்கள் கம்பைலரோடு சேர்த்தே சோதிக்கப்படுபவை என்பதால் பழசாக முடியாது. லைப்ரரி கோடு வாசிக்க எளிது. மேக்ரோ இல்லை, மறைந்த அழைப்பு இல்லை.

கம்பைலரே கிராஷ் ஆனால்?

முதலில் .ஜிக்-கேஷை அழித்து மறுபடி பில்ட். பிறகு இன்கிரிமெண்டலை அணைத்து, அதன்பின் எல்எல்விஎம்-ஐக் கட்டாயமாக்கி. எந்தப் படியில் கிராஷ் மறைகிறதோ அதுவே பிழை எங்கே என்பதற்கான தடயம். அடுத்து கோடைப் பாதி பாதியாக வெட்டி, ஒரே கோப்பில் ஓடும் சின்ன உதாரணமாகக் குறையுங்கள். சின்ன எண் வெளியீடு புதிதாக வந்திருந்தால் அதிலும் மாஸ்டரிலும் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டிலும் இருந்தால் புகாரளிக்கலாம். முதன்மை ரெப்போ 2025 நவம்பரில் கிட்ஹப்பிலிருந்து கோட்பெர்குக்கு மாறிவிட்டது. புதிய புகார்கள் அங்கேதான். முழுப் பதிப்பு எண், இயங்குதளம், ஓட்டிய கட்டளை, எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவற்றோடு வெட்டிய உதாரணத்தையும் இணையுங்கள். புகாரின் எண்ணை, தற்காலிகமாகச் சுற்றிப்போக எழுதிய வரிக்கு மேலே கமெண்டாகப் போட்டு வையுங்கள். அடுத்த வெளியீட்டுக்கு நகரும்போது அந்த எண்ணைத் தேடி, தீர்ந்திருந்தால் வரியை நீக்கிவிடலாம்.